நீல்காய்க்கு ஏற்ற தோட்டா

அன்வர் பாட்சா எதை வாங்கினாலும் முதலில் ஓர் எக்செல் ஷீட்டைத் திறப்பார். டாலஸ் பக்கம் பிளானோவில் வீடு, மனைவிக்கு மினிவேன், ஹாலுக்கு டிவி எல்லாம் அப்படித்தான் வந்தன. எவ்வளவு அலசினாலும் கடைசியில் ஜெயிப்பது அந்த வரிசையிலேயே ஆகப் பெரியதாக இருக்கும். அதனால் நீல்காய் வேட்டைக்கு எந்தத் தோட்டா என்ற கேள்விக்கும் ஒரு ஷீட் முளைத்தபோது வீட்டில் யாரும் வியக்கவில்லை.

வேட்டை அவருடைய பழக்கமல்ல. அது அவர் மனைவி பத்ருன்னிசாவின் தம்பி சுஃபியானுடையது. சுஃபியான் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருந்தான், நெட்வொர்க் எஞ்சினியர். குளிர்காலம் வந்தால் தெற்கு டெக்ஸாஸுக்கு டிரைவ் பண்ணிப் போய் மானோ நீல்காயோ கொண்டுவருவான். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் விசையை இழுப்பான். சுட்டதிலேயே செத்தால் அந்தக் கறி உண்ணக் கூடுமா கூடாதா என்று மார்க்கம் படித்த ஆலிம்களிடையே பேச்சு உண்டு என்பதால், விழுந்ததும் ஓடிப்போய் உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுத்தும் விடுவான். கடைக்கறியைச் சந்தேகப்படுகிற தமிழ் முஸ்லிம் குடும்பங்கள்கூட சுஃபியான் கொண்டுவரும் கறியை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டன.

அன்வர் பாட்சா சுஃபியானைவிடப் பத்து வயது மூத்தவர். டாலஸ் பக்கம் புதிதாக வந்த எத்தனையோ பேர் முதல் வேளைச் சோற்றை அவர் வீட்டில்தான் தின்றார்கள். சுஃபியானுக்கு இங்கே முதல் வேலை கிடைத்ததே அவர் சொல்லித்தான். சில வருடங்களாக எந்த விருந்திலும் ஆண்கள் கூட்டம் சுஃபியானைச் சுற்றியே நின்றது. என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரம், எப்படி விழுந்தது என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள். அன்வர் தட்டோடு ஓரமாக உட்கார்ந்து கேட்டிருப்பார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள், "இந்த வருஷம் நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

ஷீட் தயாரானதும் சுஃபியானைக் கூப்பிட்டுக் காட்டினார். நீல்காய் மாட்டளவு இருக்கும். தோள்பட்டைத் தோல் தடிப்பு. குண்டு பட்ட பிறகும் ஓடி முட்புதருக்குள் போய்விட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். இவையெல்லாம் உண்மை. ஷீட்டின் கடைசி வரியில் த்ரீ செவன்டி ஃபைவ் என்ற தோட்டாவுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்.

சுஃபியான் சிரித்தான். "மச்சான், இது ஆப்பிரிக்கால காட்டெருமைக்குக் கொண்டுபோறது."

"நீல்காய் மட்டும் என்ன, வெள்ளாடா?"

"என்னோட தர்ட்டி ஆட் சிக்ஸ் துப்பாக்கியே போதும் மச்சான். அதுலதான் ரெண்டு நீல்காய் எடுத்திருக்கேன். வேணும்னா அதையே தரேன், பழகிக்கோங்க."

"போதும்ங்கிறது ஒரு ஸ்பெக் இல்ல, சுஃபியான்."

"பெருசுன்னா சுடறப்ப பின்னாடி உதைக்கும், தோள் கழண்டுரும். அப்புறம் ட்ரிக்கரைத் தொடறப்பவே உடம்பு பயப்படும். குறி தப்பும்."

"உனக்குத் தப்பும். நான் உன்னைவிட முப்பது பவுண்டு ஜாஸ்தி."

டிஷ்வாஷரில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பத்ருன்னிசா திரும்பிப் பார்த்தாள். "நம்மூர்லேருந்து வந்து நமக்கு முன்னாடியே கிரீன் கார்டு வாங்கிட்ட மாடு அது. அதைச் சுடறதுக்கு ரெண்டு பேருக்கும் இவ்ளோ மீட்டிங்கா?"

நூறு வருடத்துக்கு முன்னால் பண்ணைக்காரர்கள் யாரோ கொண்டுவந்து விட்ட இந்திய விலங்கு அது. இப்போது தெற்கு டெக்ஸாஸ் முழுவதும் பெருகிக் கிடக்கிறது.

"அடிபட்டு அலையக் கூடாது பத்ரு. அது பாவம். பெருசுன்னா நின்ன இடத்துலயே விழுந்துரும்" என்றார் அன்வர்.

அவர் இதை நம்பித்தான் சொன்னார். ஷீட்டில் ஏறாத இன்னொரு காரணமும் இருந்தது. மச்சினனுடைய துப்பாக்கியைவிடச் சிறியதையோ, அதற்குச் சமமானதையோ தோளில் வைக்க அவருக்கு மனமில்லை.

அந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கியை வாங்கிக்கொண்டுபோய் ஷூட்டிங் ரேஞ்சில் முதல் தடவை சுட்டபோது பின்னால் இருந்து கார் இடித்ததுபோல இருந்தது. பல் கிட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை தலையைச் சரியாக வைக்காததால் துப்பாக்கியின்மேல் பொருத்திய தொலைநோக்கியின் விளிம்பு பின்னால் வந்து புருவத்தைக் கிழித்தது. ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. ரேஞ்சில் வேலை செய்கிறவர் டிஷ்யூ கொடுத்தார். குறி சரியாக இருக்கிறதா என்று மீதித் தோட்டாக்களைத் தானே சுட்டுப் பார்த்து, தொலைநோக்கியைத் திருகிச் சரி செய்தும் கொடுத்தார். அன்வர் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

"கார் ட்ரங்க் மூடி இடிச்சிருச்சு" என்றார் வீட்டில்.

அதன்பிறகும் சனிக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். ஒரு முறை உண்மையாகவே போனார். பார்க்கிங்கில் காரை நிறுத்தி, உள்ளே யாரோ சுடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் தன் வலது தோள் ஒருமுறை துள்ளுவதைக் கவனித்தார். பிறகு ஒரு காபி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சுஃபியான் போனில் கேட்டான். "மச்சான், ப்ராக்டிஸ் எப்படிப் போகுது? கையில செட் ஆயிருச்சா?"

"பெர்ஃபெக்ட்."

ஜனவரியில் போனார்கள். கடலுக்குப் பக்கத்தில் மணலும் கருவேலம் போன்ற முள்மரமும் மண்டிய பண்ணை. வழிகாட்டி ராய்ஸ் என்ற ஒல்லியான மனிதர். தேவைக்கு மேல் பேசாதவர். கிளம்புவதற்கு முன் பண்ணையின் வழக்கத்தைச் சொன்னார். யாருடைய குண்டில் முதலில் ரத்தம் வருகிறதோ, விலங்கு அவருடையது. பிறகு யார் முடித்துவைத்தாலும் சரி. அன்வரின் பெரிய தோட்டாவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதோடு பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் அன்வர். சுஃபியான் பக்கத்தில்தான் நின்றான்.

காலை வெயில் ஏறும் நேரத்தில் புல்வெளியின் விளிம்பில் ஓர் ஆண் நீல்காய் தனியாக நின்றது. சாம்பல் நீல உடம்பு, தொண்டையில் வெள்ளைத் திட்டு, உடம்புக்குப் பொருந்தாத குட்டைக் கொம்பு. தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. ராய்ஸ் முக்காலிக் கம்பை விரித்து வைத்தார். அன்வர் துப்பாக்கியை அதன்மேல் கிடத்தினார். தொலைநோக்கிக்குள் தோள்பட்டை தெளிவாக, அசையாமல் தெரிந்தது. தவறவிட முடியாத தூரம் என்று சுஃபியான் பிறகும் சொன்னதில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்றார் அன்வர். விரல் விசையைத் தொட்டதும் உடம்பு அடியை எதிர்பார்த்துச் சுருங்கியது. கண் மூடிக்கொண்டது. பிறகுதான் துப்பாக்கி வெடித்தது.

அவர் கண்ணைத் திறந்தபோது நீல்காய் முதுகை வளைத்துக்கொண்டு புதருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்பப் பின்னாடி. வயிறு" என்றார் ராய்ஸ், ஆங்கிலத்தில்.

"த்ரீ செவன்டி ஃபைவ்" என்றார் அன்வர். ராய்ஸ் முக்காலிக் கம்பை மடக்கினார்.

கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தடம் பிடித்தார்கள். மணலில் ரத்தம் சொட்டுச் சொட்டாக இருந்தது. அதோடு மென்ற புல்லின் பச்சையும் கலந்திருந்தது. கிழிந்த குடலின் வாடை அடித்தது. முள் சட்டையைக் கிழித்தது. ராய்ஸ் முன்னால், சுஃபியான் அடுத்து, அன்வர் கடைசியில். தன்னைவிடக் கனப்பதுபோல் இருந்த அந்தத் துப்பாக்கியை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு வர முடிந்தால் நன்றாக இருக்கும் என்று அன்வருக்குத் தோன்றியது.

கடைசியில் ஒரு முள்மரத்தின் கீழே அது நின்றது. படுக்கவில்லை. பின்னங்கால்களை அகட்டிவைத்து, தலையைத் தாழ்த்தி, இவர்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே நின்றது. வயிற்றிலிருந்து ஏதோ தொங்கியது. அதற்கு ஓட முடியவில்லை என்பதும், ஆனாலும் இன்னும் ஓடத்தான் பார்க்கிறது என்பதும் பார்த்தாலே புரிந்தது.

ராய்ஸ் நகர்ந்து வழிவிட்டார். அது அன்வருடைய விலங்கு.

அன்வர் துப்பாக்கியைத் தூக்கினார். முனை ஆடியது. மூச்சை இழுத்துப் பிடித்தார், இன்னும் ஆடியது. தொலைநோக்கிக்குள் நீல்காயின் தோள் தெரிந்தது. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. தன் தோளில் விழப்போகிற அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார். அதற்குள் அது ஒருமுறை முனகியது. ராய்ஸ் தன் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். சுஃபியான் கையை நீட்டி அவரைத் தடுத்தான். அல்லாஹ்வின் பெயர் சொல்லிச் சுட்டு அறுக்கிற முறையைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தான்.

"மச்சான்" என்றான் மெதுவாக. "போடுங்க."

"என்னால ஆகல சுஃபியான். நீ போடு."

சுஃபியான் தன் துப்பாக்கியை ஒரு மரத்தில் தாங்கிப் பிடித்து, அல்லாஹ்வின் பெயர் சொல்லி, ஒரே முறை சுட்டான். நீல்காய் முன்னங்கால் மடிந்து விழுந்தது. அவன் ஓடினான். அன்வர் புதிதாக வாங்கியிருந்த கத்தி அன்வரின் இடுப்பிலேயே இருந்தது. சுஃபியான் தன் கத்தியை உருவி, கழுத்தைப் பிடித்து, மறுபடி பெயர் சொல்லி அறுத்தான். அன்வர் அங்கே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டே சுஃபியான் சொன்னான். "உங்க நீல்காய்தான் மச்சான். முதல் ரத்தம் உங்களுது. கேக்கறவங்களுக்கு அதைச் சொன்னா போதும்."

"நீ யார்ட்டயும்…"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? போட்டோ எடுக்கணும், கொம்பைப் பிடிங்க. வயித்துப் பக்கம் தெரிய வேணாம், இந்தப் பக்கம் வாங்க."

அன்வர் மண்டியிட்டுக் கொம்பைப் பிடித்தார். சுஃபியான் அவருடைய புதுக் கத்தியையும் வாங்கிப் பக்கத்தில் புல்லில் வைத்தான். ஒரு துளி ரத்தமும் படாத கத்தி. அவர் சிரித்தார். போனில் பார்த்தபோது அது நல்ல சிரிப்பாகவே விழுந்திருந்தது.

அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப் குரூப் நிரம்பியிருந்தது. மாஷா அல்லாஹ், சிங்கம் பாய், பிரியாணி எப்போ பாய். அன்வர் எதற்கும் பதில் எழுதவில்லை. ஒவ்வொன்றின்மேலும் ஒரு ஹார்ட் மட்டும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து. பத்ருன்னிசாவும் அவளுடைய சிநேகிதி இஸ்ரத்தும் காலையிலிருந்தே நின்று பிரியாணி செய்தார்கள். வீட்டுக்குள்ளும் பின்பக்கத்துப் பேட்டியோவிலும் ஆட்கள். இந்த முறை கூட்டம் அன்வரைச் சுற்றி நின்றது. எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். சொன்னார். எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "ஓர் அனுபவம்தான்" என்றார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுஃபியான் கொஞ்சம் தள்ளி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யாராவது அவனிடம் கேட்டால், "மச்சானோட நீல்காய், மச்சானைக் கேளுங்க" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் கேலியே இல்லை. கேலி இருந்திருந்தால் அன்வருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த வெள்ளியங்கிரி பொள்ளாச்சிக்காரர். மெலிந்த தேகம். பயந்து பயந்து கார் ஓட்டுகிறவர். இலையுதிர் காலத்தில் ஆபீஸ் நண்பர்களோடு கொலராடோவுக்கு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போவதாக இருந்தார்.

"ஏனுங்க பாய், உங்க தோட்டாவையே நானும் ஆன்லைன் கார்ட்ல போட்டு வெச்சிருக்கேனுங்க. ரைஃபிளும் அதே மாடல். இன்னிக்கு ஆர்டர் பண்ணிரலாம்னு. உங்க ஷீட்டை சுஃபியான்கிட்ட கேட்டேன், உங்ககிட்டயே கேக்கச் சொல்லிட்டாருங்க."

"அது வேணாம்" என்றார் அன்வர்.

"ஏனுங்க? ஒரே அடில விழுந்துச்சுன்னு சொன்னாங்களே."

யார் சொன்னார்கள் என்று அன்வருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வெள்ளியங்கிரியின் ஒட்டிய தோளை அவர் பார்த்தார். இந்த மனிதர் மலையில் ஓர் எல்க்கின் முன்னால் கண்ணை மூடிக்கொள்வார்.

"ஒரே அடில விழல" என்றார். "நான் வயித்துல சுட்டேன்."

"மச்சான் சும்மா சொல்றாங்க" என்றான் சுஃபியான், அங்கிருந்தே, சிரித்துக்கொண்டு.

"சும்மா இல்ல. சுடறப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன். அது குடல் தொங்க புதருக்குள்ள ஓடிருச்சு. போய்ப் பாத்தப்ப நின்னுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது தடவை என்னால சுட முடியல. சுஃபியான்தான் சுட்டான். சுஃபியான்தான் அறுத்தான். நான் போட்டோவுக்கு மட்டும் உக்காந்தேன்."

தொடங்கியபின் நிறுத்த வரவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. நீண்ட நாளுக்குப் பிறகு மூச்சு அடிவரை போனது போலிருந்தது. அந்த வாடையைப் பற்றிக்கூடச் சொன்னார். முனகலைச் சொன்னார்.

முடித்தபோது சிலர் தட்டைக் கீழே வைத்திருந்தார்கள்.

இஸ்ரத் வாசலில் தயிர்ப்பச்சடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "அப்ப அறுத்தது நீங்க இல்லையா பாய்? போட்டோல உங்க கத்திதானே இருந்துச்சு?"

"அறுத்தது நான்தான்" என்றான் சுஃபியான். "உயிர் இருக்கும்போதே, பேர் சொல்லித்தான் அறுத்தேன். ஹலால்தான். அதுல எந்தச் சந்தேகமும் வேணாம்."

"சந்தேகம்னு இல்ல" என்றாள் இஸ்ரத். கிண்ணத்தை எங்கே வைப்பது என்று பார்த்தாள்.

பத்ருன்னிசா தம்பியைத்தான் பார்த்தாள். கணவனை அல்ல. "அன்னிக்கு வந்து என்கிட்ட என்ன சொன்னே? மச்சான் ஒரே அடில போட்டாங்க லாத்தான்னு சொல்லல?"

சுஃபியான் தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கினான்.

"நான் அதை நம்பித்தானே எல்லார்ட்டயும் சொன்னேன். இத்தனை வருஷம் நீ கொண்டுவந்த கறி எல்லாத்தையும் உன் வார்த்தையை நம்பித்தானே ஆக்கிப்போட்டேன்?"

"லாத்தா, அது வேற" என்றான் அக்காவிடம்.

"எது வேற?"

அன்வர் குறுக்கே வந்தார். "பத்ரு, அவன் எனக்காகத்தான்…"

"நீங்க இருங்க" என்றாள்.

சுஃபியான் தட்டில் மிஞ்சியதைக் குப்பைக் கூடையில் கொட்டினான். கையைக் கழுவிக்கொண்டு, கேட்டவர்களுக்கு ஆபீஸ் கால் இருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். அன்வர் பின்னாலேயே டிரைவ்வேக்குப் போனார். சுஃபியான் கார்க் கதவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அன்வர்.

"சொன்னது தப்பில்ல மச்சான்."

"அப்புறம்?"

"லாத்தாகிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம். வெள்ளியங்கிரி அண்ணனுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். எல்லாரும் வாயில வெச்சிருக்கிறப்ப சொன்னீங்க." அவன் காரின் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "இனிமே நான் கொண்டுவந்தா கேப்பாங்க. யார் சுட்டது, எங்க பட்டது, எப்ப அறுத்ததுன்னு கேப்பாங்க. கேக்கட்டும். கேக்கறது சரிதான். ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அவங்ககிட்ட நான் எடுத்துச் சொல்றேன்."

"வேணாம் மச்சான்" என்றான் சுஃபியான். கெஞ்சுவதுபோல இருந்தது. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

கார் தெரு முனையில் திரும்பும்வரை அன்வர் நின்றார். உள்ளே போக வேண்டியிருந்ததால் போனார். பேச்சு வேறு எதற்கோ மாறியிருந்தது; டோல்வேயில் நடக்கிற மராமத்தைப் பற்றி. எல்லோரும் அவரிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். வெள்ளியங்கிரி அவர் தோளைத் தட்டி, "முதல் தடவைங்க, யாருக்கும் ஆகுறதுதானுங்க" என்றார். வழக்கமாக இந்த வீட்டு விருந்தில் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவது உண்டு. அன்று யாரும் டப்பா கேட்கவில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்றார்கள்.

எல்லோரும் போன பிறகு பத்ருன்னிசா தட்டுகளைச் சமையலறை மேடைக்குக் கொண்டுவந்தாள். அன்வர் உதவி செய்ய வந்து நின்றார். பெரும்பாலான தட்டுகளில் சோறு தீர்ந்திருந்தது. முட்டை, கத்தரிக்காய், பச்சடி எல்லாம் தீர்ந்திருந்தன. கறித்துண்டுகள் ஓரத்தில் வரிசையாக, நாசூக்காக ஒதுக்கப்பட்டிருந்தன. சில துண்டுகளை வெங்காயத்தால் மூடியிருந்தார்கள்.

பத்ருன்னிசா ஒரு தட்டைக் கூடைக்கு மேல் சாய்த்தாள். பிறகு சாய்க்காமல் நிறுத்தினாள்.

"கராஜ் ஃப்ரீசர் முழுக்க இருக்கே. அதை என்ன பண்றது?"

"நான் சாப்பிடறேன்."

"எல்லாத்தையுமா?"

அன்வர் அவள் கையிலிருந்து தட்டை வாங்கினார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, யாரோ ஒதுக்கிவைத்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். ஆறிப்போயிருந்தது. மெல்ல நேரம் பிடித்தது. அவர் கண்ணை மூடாமல் மென்றார். பத்ருன்னிசா அடுத்த தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.